நிலம் அவர் பெயரில், நஷ்டம் எங்கள் தலையில்

வாசகர் கடிதம்:

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம், பெண்ணையாற்றங்கரை. அப்பா இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் வைக்கிறார். எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். ஃபெஞ்சல் புயலின்போது ஆற்று வெள்ளம் புகுந்து பயிர் போனது, வயலில் மணல் ஏறியது, வீட்டு மண்சுவர் இடிந்தது. குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் வந்தது. பயிருக்கான பணம் சென்னையில் இருக்கும் நிலக்காரர் கணக்குக்குப் போய்விட்டது. வீடு ஆற்றுப் புறம்போக்கில் இருக்கிறது, அதற்கு எதுவும் கிடையாது என்றார்கள். ஒரு வருடம் தாண்டிவிட்டது. இனி சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா? அடுத்த வெள்ளத்துக்கும் இதே கதைதானா? கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம் என்று நாங்கள் சில பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் குடும்பத்துக்கு மூன்று நஷ்டம், கைக்கு வந்தது ஒரே ஒரு தொகை. அந்த 2,000 ரூபாய் மட்டும் எப்படி ஒழுங்காக வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். ரேஷன் கடைப் பதிவேட்டில் உங்கள் பெயர் புயலுக்கு முன்பே இருந்தது. கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் அப்பா பெயர் இல்லை. வீட்டுக்குப் பட்டா இல்லை. வெள்ளம் பள்ளத்தைப் பார்த்துப் பாய்கிறது, நிவாரணம் பதிவேட்டைப் பார்த்துப் பாய்கிறது. புயல் கரையைக் கடப்பதற்கு வெகு நாள் முன்பே, யாருக்குப் பணம் வரும் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அலமாரியில் முடிவாகிவிடுகிறது. நான் சொல்லப் போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

நிவாரணம் உரிமையா, கருணையா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அரசு காகிதங்களில் 'கருணைத் தொகை' என்றே எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தாலே கேட்கிறவர் பாதி அடங்கிவிடுகிறார். சுனாமி வந்த மறு வருடம், 2005இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 12ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரவேண்டிய குறைந்தபட்ச நிவாரணத் தரத்தைத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வகுக்க வேண்டும் என்றது. தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றோடு வீட்டுச் சேதம், பிழைப்பை மீட்பது எல்லாம் அதில் வரும். கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30இல் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: தரத்தை வகுப்பது ஆணையத்தின் விருப்பம் அல்ல, கடமை. தொகை எவ்வளவு என்பதை ஆணையமே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. அப்புறம்தான் 50,000 ரூபாய் அறிவிப்பு வந்தது. இதில் உங்களுக்குப் பாடம் என்னவென்றால், 'ஏன் இவ்வளவு குறைவு' என்று நீதிமன்றத்தில் நின்றால் பெரும்பாலும் தோற்போம். 'பக்கத்து வயலுக்குக் கொடுத்தீர்கள், அதே விதிப்படி எனக்கு ஏன் இல்லை' என்று நின்றால் வாதம் எடுபடும்.

2025இல் வந்த திருத்தச் சட்டம் இந்த நிவாரணப் பகுதியிலேயே கைவைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடனைத் திருப்பிக் கட்டுவதில் சலுகை தரப் பரிந்துரைக்கும் 13ஆம் பிரிவு நீக்கப்பட்டது. வயநாட்டில் 2024 ஜூலை நிலச்சரிவில் வீடும் நிலமும் இழந்தவர்களின் கடன் பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது, அந்தப் பிரிவே இப்போது இல்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. அதே திருத்தம் மாநகராட்சி நகரங்களுக்குத் தனிப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்கிறது. ஆற்றங்கரை ஊராட்சிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. ஃபெஞ்சல் வந்தது 2024 நவம்பர் கடைசியில், திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னால். உங்கள் மனு எதுவானாலும் 'சம்பவத் தேதியில் இருந்த சட்டப்படி' என்று எழுத மறக்காதீர்கள்.

சரி, பயிருக்கு வருவோம். கசப்பானதை முதலில் சொல்கிறேன். பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இரண்டு ஏக்கருக்குச் சுமார் 13,750 ரூபாய் வரும். நிலக்காரர் கணக்குக்குப் போய்விட்ட அந்தப் பணத்தை வழக்குப் போட்டு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காமல் போகும், வழக்குச் செலவோ அந்தத் தொகையைத் தாண்டும். பேசிப் பார்க்கலாம், அதற்கு ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போனால் தரும் அந்தத் தொகைக்கு மத்திய அரசின் விதிமுறை வைத்திருக்கும் பெயர் 'இடுபொருள் மானியம்'. நிலத்துக்கான வாடகையோ நில மதிப்புக்கான ஈடோ அல்ல. விதை, உரம், நடவுக் கூலி யார் செலவு செய்தார்களோ அவர்களுக்கு மறுபடி விதைக்கக் கைகொடுப்பதுதான் அதன் நோக்கம். சென்னையில் இருக்கிறவர் ஒரு மூட்டை யூரியாகூட வாங்கியிருக்க மாட்டார். இதைச் சண்டையாக இல்லாமல் நியாயமாகச் சொன்னால் பாதியாவது திருப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்திருக்கிறேன்.

உண்மையான வேலை அப்பா பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1969இல் ஒரு சட்டம் வந்தது: வேளாண் நிலக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். குத்தகைதாரர் தாசில்தாரிடம் மனுக் கொடுக்கலாம். அவர் நிலக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பி, இருவரையும் விசாரித்து, பெயரைப் பதியலாம். 1955ஆம் வருடக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்து நிற்கிறது. தானோ தன் வீட்டாரோ உடலால் உழைத்துப் பயிரிடுகிறவரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. புத்தகத்தில் இவ்வளவு பலமான சட்டம் இருக்கும்போது ஏன் யாரும் பதிவதில்லை? அந்தப் பலம்தான் காரணம். பெயர் ஏறினால் நிலம் கையை விட்டுப் போகும் என்று நிலக்காரர் பயப்படுகிறார், பதியப் போனால் அடுத்த வருடம் நிலமே தரமாட்டார் என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். இரண்டு பயமும் பொய் அல்ல. தானே புயலுக்குப் பிறகு பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். முந்திரித் தோப்புக் குத்தகை. கையில் இருந்த ஒரே ஆதாரம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய கணக்கு. அதை வைத்து ஓர் அலுவலகத்தில் நான் ஆறு மாதம் நடந்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஆந்திராக்காரர்கள் இந்த முடிச்சை வேறு மாதிரி அவிழ்க்கப் பார்த்தார்கள். 2011இல் ஒரு சட்டம் போட்டு, பயிரிடுகிறவருக்குக் கடன் தகுதி அட்டை கொடுத்தார்கள். நில உரிமையில் கை வைக்கவில்லை, பயிர் மேல் மட்டும் உரிமை. 2019இல் அதை மாற்றி, 11 மாத ஒப்பந்தம், நிலக்காரர் கையெழுத்து அவசியம் என்று வைத்தார்கள். அந்தக் கையெழுத்துதான் மறுபடி தடையாகிறது. ஆனால் அடிப்படை யோசனை சரியானது என்றே நினைக்கிறேன்: 'நிலம் யாருடையது' என்ற பதிவும் 'இந்தப் போகம் யார் பயிர் வைத்தது' என்ற பதிவும் தனித்தனியாக இருக்க வேண்டும். நம் அடங்கலில் அதற்கு இடம் உண்டு, பழக்கம் இல்லை. இப்போது விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்களே, அதையும் நில உடைமையோடு கட்டித்தான் தருகிறார்கள். அடுத்த இருபது வருடத்துக்கு நிவாரணம் பாயப் போகும் வாய்க்கால் அது. அதில் குத்தகைக்காரருக்கு ஒரு கிளை வெட்டச் சொல்வதற்கு இதுதான் நேரம்.

அப்பாவை இன்றைக்கே குத்தகைப் பதிவேட்டுச் சட்டத்தின்படி மனுப் போடச் சொல்ல எனக்கு மனசில்லை. அவர் நிலைமை அவருக்குத்தான் தெரியும். ஆனால் அடுத்த போகத்தில் நிலக்காரரிடம் ஒரு பக்கக் கடிதமாவது கேட்டு வாங்குங்கள்: 'இந்த சர்வே எண்ணில் இந்தப் பருவத்துக்கு இன்னார் பயிர் செய்கிறார், பயிர்ச் சேத நிவாரணம் அவருக்கே தரப்படுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.' நில உரிமை பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம், அப்போதுதான் கையெழுத்துப் போடுவார். அதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் உதவி அலுவலரிடமும் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நெல் அளந்த சீட்டு, உரக்கடை ரசீது எதையும் எறியாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்களே கண்டுகொள்ளாமல் கடந்துபோன ஒரு வரி இருக்கிறது: 'வயலில் மணல் ஏறியது.' அது தனி இனம். 2022 முதல் 2026 வரைக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிமுறையில், மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்த விளைநிலத்தைச் சுத்தம் செய்ய ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் வரை இருக்கிறது. ஆறு திசை மாறி நிலமே அடித்துக்கொண்டு போயிருந்தால் சிறு குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000. பயிர் நிவாரணம் பேசப்படும் அளவுக்கு இது பேசப்படுவதில்லை, கேட்கிறவர்களும் குறைவு. மணல் எவ்வளவு உயரம் என்று அதிகாரி சான்று தர வேண்டும், வேறு திட்டத்தில் இதற்கே பணம் வாங்கியிருக்கக் கூடாது. இதில் நிலக்காரரும் நீங்களும் ஒரே பக்கம். அவர் நிலம்தான் கெட்டுக் கிடக்கிறது. இருவரும் சேர்ந்தே மனுக் கொடுக்கலாம். மணலை இன்னும் அள்ளவில்லை என்றால் அள்ளுவதற்கு முன், ஓர் அளவுகோலை ஊன்றி, தேதியும் இடமும் பதிவாகும்படி கைப்பேசியில் படம் எடுங்கள். அள்ளியாயிற்று என்றால் ஜேசிபிக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது தேடுங்கள். காலம் கடந்துவிட்டது என்று சொல்வார்கள். அப்படி எழுத்தில் பதில் வாங்கினாலும் அது நமக்கு ஒரு தாள்தான்.

வீட்டு விஷயத்தில் பொய் நம்பிக்கை தர மாட்டேன். அதே விதிமுறையில் சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய் இருக்கிறது, குடிசைக்கு 8,000 இருக்கிறது. நம் மாநில அரசு ஃபெஞ்சலுக்குக் குடிசைக்கு 10,000 என்று அறிவித்தது. ஆனால் சேதமான வீடு அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக இருக்க வேண்டும், அதற்கு அதிகாரி சான்று வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். குடியிருப்புக்கான நத்தம் புறம்போக்காக இருந்தால் பட்டா வாங்க வழி பார்த்திருக்கலாம். ஆற்றுப் புறம்போக்குக்குப் பட்டா கிடைக்காது. நீர்நிலைகள் விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றமும் கறாராக இருக்கிறது. வருடக்கணக்கில் வீட்டு வரி கட்டிய ரசீதும் மின்கட்டண ரசீதும் நீங்கள் அங்கே குடியிருந்ததற்குத்தான் சாட்சி, உரிமைக்கு அல்ல. நல்லவேளையாக, குடியிருந்ததற்கான சாட்சியும் வீண் போகாது. 'இதே இடத்துக்குப் பட்டா கொடு' என்று கேட்காமல், 'வெள்ளம் வரும் இடம் என்று நீங்களே சொல்கிறீர்கள், மேட்டில் மாற்று மனை கொடுங்கள்' என்று கேளுங்கள். மனை கிடைத்தால்தான் கனவு இல்லம் திட்டத்தின் மூன்றரை லட்சம் ரூபாய்க்குள்ளேயே நுழைய முடியும். பட்டா இல்லாதவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. பட்டாவை அம்மா பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். சுனாமிக்குப் பிறகு இந்த மாநிலம் கட்டிக் கொடுத்த வீடுகளை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்று 2005இலேயே அரசாணை போட்டார்கள். அந்த நிவாரணத்தில் எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் இந்த ஒரு வரியை யார் எழுதினாரோ அவருக்குக் கோவில் கட்டலாம்.

இனி நடக்க வேண்டிய வழி. தாலுகா அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு, கட்டணம் 10 ரூபாய். ஃபெஞ்சல் சேதக் கணக்கெடுப்பில் உங்கள் கிராமத்தில் பயிர், வீடு, மணல் படிவு மூன்றிலும் யார் யார் பெயர், எவ்வளவு தொகை, யார் நிராகரிக்கப்பட்டார்கள், என்ன காரணம் என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். கையில் பட்டியல் வந்தபிறகு தாசில்தார், கோட்டாட்சியர், ஆட்சியர் என்று மனு போகட்டும். பேரிடர் சட்டத்தின்படி எடுத்த நடவடிக்கை மீது முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டும்தான். ரிட் மனு போட்டால் பெரும்பாலும் 'மனுவை எட்டு வாரத்தில் பரிசீலிக்கவும்' என்று உத்தரவு வரும். எங்கள் தொழிலில் இதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனாலும் அந்த உத்தரவோடு போகும்போது மேஜைக்கு முன்னால் நாற்காலி போடுகிறார்கள். பட்டியலைப் பார்த்தால் ஒரு தெருவே, ஒரு காலனியே விடுபட்டிருப்பது தெரிந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். நிவாரணத்தில் சாதி, மத, பால் வேறுபாடு கூடாது என்று 61ஆம் பிரிவு சொல்கிறது.

வக்கீல் செலவு பற்றிக் கவலைப்படாதீர்கள். 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில், வெள்ளம் வறட்சி போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் இலவச சட்ட உதவி பெறத் தகுதியானவர்கள் என்று தனியாகவே சொல்லியிருக்கிறது. பெண் என்பதாலும் உங்களுக்குத் தகுதி உண்டு, வருமானச் சான்று கேட்கக் கூடாது. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது விழுப்புரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலேயே போகலாம்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ஆடு போனதை ஐந்து என்று எழுது, மூன்று அங்குலத்தை ஓர் அடி என்று எழுது என்று சொல்லித் தர ஆள் வருவார்கள். பொய்யாக நிவாரணம் கேட்டால் பேரிடர் சட்டத்தின் 52ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. உண்மையான மனுக்களையும் சேர்த்து அது கெடுத்துவிடும்.

கிராம சபைக்கு வருகிறேன். 'அரசு உரிய நிவாரணம் வழங்க வேண்டும்' என்று தீர்மானம் போடாதீர்கள். அப்படி எழுதினால் கோப்பில் தூங்கும். பெயரும் எண்ணும் வருகிற மாதிரி எழுதுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் பயிரிடுகிறவர் பெயரை அடங்கலில் எழுதி அந்தப் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு எடுக்கும் சேதப் பட்டியலையும் பணம் போவதற்கு முன் அதே சுவரில் ஒட்டி, ஏழு நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும். ஆற்றுப் புறம்போக்கில் எத்தனை வீடு, மாற்று மனைக்கு எந்த சர்வே எண்ணில் இடம் இருக்கிறது என்று தீர்மானத்திலேயே குறிப்பிடுங்கள். மாவட்டப் பேரிடர் திட்டம் என்று ஒன்று பேரிடர் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி இருந்தாக வேண்டும், உள்ளாட்சிகளைக் கலந்து தயாரிக்க வேண்டும். உங்கள் ஊர் பெயர் அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அதிகாரிகள் நிச்சயம் திணறுவார்கள்.

பணம் எங்கே என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு மாநிலங்களின் பேரிடர் நிதியில் நூற்றுக்கு இருபதை, வெள்ளம் வருவதற்கு முன்பே பாதிப்பைக் குறைக்கும் வேலைகளுக்கென்று ஒதுக்கிவைத்தது. 2021 முதல் 2026 வரை நாடு முழுவதற்கும் அது 32,031 கோடி ரூபாய். கரையைப் பலப்படுத்துவது, அடைந்துபோன வடிகாலைத் திறப்பது, பள்ளிக்கூடத்தைத் தங்குமிடமாக மேடேற்றுவது போன்றவற்றுக்கு அந்தக் கணக்கிலிருந்து கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் பெண்ணையாற்றின் மேலே இருக்கும் சாத்தனூர் அணை. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். எச்சரித்தோம் என்றது அரசு, எச்சரிக்காமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. உங்கள் தெருவில் யார் வந்து, எத்தனை மணிக்கு, எந்த வார்த்தையில் சொன்னார்கள் என்பதுதான் கேள்வி. 1999 பெரும்புயலில் பத்தாயிரம் பேர் வரை இறந்த ஒடிசா, அதே வருட டிசம்பரில் தனக்கென்று ஒரு பேரிடர் ஆணையம் அமைத்தது. மத்தியச் சட்டம் வருவதற்கு ஆறு வருடம் முன்னால். 2013இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேரை வெளியேற்றினார்கள், இறந்தவர்கள் சில பத்துப் பேர். அங்கே ஊர்தோறும் இன்னார் இந்தத் தெருவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆள் பெயர் எழுதி வைத்திருந்தார்கள், புயல் தங்குமிடச் சாவி யாரிடம் என்பது உட்பட. அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021இன்படி பெரிய அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டம் தயாரித்தாக வேண்டும். சாத்தனூருக்கான திட்டத்தில் உங்கள் ஊராட்சியில் யாருக்குத் தகவல் வரும், அந்த ஆளின் கைப்பேசி எண் என்ன என்று தீர்மானத்தில் ஒரு வரி சேருங்கள்.

கிராம சபைக்குப் போகும்போது தகவல் உரிமை மனுவின் நகலையும் வீட்டு வரி ரசீதுகளையும் கையில் வைத்திருங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறி, எண் போடுகிற வரை எழுந்து வராதீர்கள். மணல் படிவு பற்றி வருவாய் ஆய்வாளர் என்ன பதில் சொன்னார் என்று மறக்காமல் எனக்கு எழுதுங்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் நாலு பேர் அதே கேள்வியோடு வந்திருக்கிறார்கள்.